செருப்பு ஸ்டாண்டுக்கு மேலிருந்த சுவர்

பாஸ்கரா,

இதை உன் காரின் முன் சீட்டில் வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போகிறேன். காலையில் ஒரே மேசையில் உட்கார்ந்து இட்லி தின்றுவிட்டு அப்பன் மகனுக்குக் கடிதம் எழுதுவானா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். நேரில் சொல்ல மூன்று முறை முயன்றேன். முதல் முறை நீ கார் கழுவிக்கொண்டிருந்தாய். இரண்டாம் முறை டிவியில் பேஸ்பால். மூன்றாம் முறை ஒரு தடையும் இல்லை, நீ சும்மாதான் உட்கார்ந்திருந்தாய். எனக்குத்தான் வாய் வரவில்லை. "டயருக்குக் காத்து அடிச்சியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். ஆங்கிலத்தில் எழுதினால் உனக்குப் படிக்க வசதி என்று அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தால் ஆபீஸ் ரிப்போர்ட் மாதிரி இருந்தது. என்ன உடைந்தது, எப்போது உடைந்தது என்று எல்லாம் இருந்தது. தப்பு யாருடையது என்பது மட்டும் இல்லை. கிழித்துப் போட்டேன். மூன்றாம் வகுப்பு வரை திருச்சியில் படித்தவன்தானே நீ, எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவாய். அவசரப்படாதே. ஓட்டிக்கொண்டே படிக்காதே, வண்டியை ஓரமாக நிறுத்திப் படி.

போன வாரம் நியூ ஜெர்சியிலிருந்து வந்த வேலைக் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் போட்டுவிட்டு, "இட்ஸ் நாட் அ பிக் டீல், அப்பா. நோ சொல்லிடப் போறேன்" என்றாய். கெமிக்கல் இன்ஜினியரிங் படித்த பையனுக்கு மருந்துக் கம்பெனியில் அந்த மாதிரி வேலை கிடைப்பது சின்ன விஷயமா? எனக்குத் தெரியாதா? அதே நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கும் என் பழைய சினேகிதனைக் கூப்பிட்டு விசாரித்தேன். "அந்த வேலையை வேண்டாம்னு சொல்றவன் கிறுக்கனாத்தான் இருக்கணும்" என்றான். என் பிள்ளை கிறுக்கன் இல்லை என்று கோபத்தோடு போனை வைத்தேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை நீயும் உன் சினேகிதன் டேவிடும் டிரைவ்வேயில் வண்டிக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தீர்கள். நான் கராஜுக்குள் ஸ்குரூ டிரைவர் தேடிக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை, தானாகக் காதில் விழுந்தது. ஏன் போகவில்லை என்று அவன் கேட்டான். "ஐ கான்ட் லீவ் மை மாம். ஹர் ஆர்ம் இஸ் பிகாஸ் ஆஃப் மீ" என்றாய். சாதாரணமாகச் சொன்னாய், என் கண் கறுப்பு என்று சொல்வதுபோல. ஸ்குரூ டிரைவர் கையிலேயே இருந்தது, ஆனால் அதைத்தான் ரொம்ப நேரம் தேடிக்கொண்டிருந்தேன்.

உன் அம்மாவின் கை உன்னால் போகவில்லை. என்னால் போனது. இந்த ஒரு வரிக்காகத்தான் கடிதம். ஆனால் இதை மட்டும் எழுதினால், அப்பா ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நீ மடித்து வைத்துவிடுவாய். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நம் தமிழ்ச் சங்கம் அந்தச் செங்கல் ஹாலைச் சனிக்கிழமைகளுக்கு வாடகைக்கு எடுத்தது ஞாபகம் இருக்கும். ரயில் பாதைக்குப் பக்கத்தில், இரண்டு மாடி, முகப்பில் பூவும் கொடியுமாக வேலைப்பாடு, ஏதோ ஒரு சபைக்காரர்கள் அந்தக் காலத்தில் கட்டியது. அதற்கு முன்னால் பள்ளிக்கூடக் கேஃபடீரியாவில் பொங்கல் கொண்டாடி, ஹாட் டாக் வாசனையில் சர்க்கரைப் பொங்கல் தின்றுகொண்டிருந்தோம். மேடையும் மர வேலைப்பாடுமாக அந்த ஹாலைப் பார்த்ததும் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. அப்போது செயலாளராக இருந்த ராமநாதன் அங்கிள்தான், "சார், பழைய கட்டிடம், பூகம்ப ஊரு. நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லிட்டா போதும்" என்றார். சங்கத்தில் டாக்டர்கள் ஏழெட்டுப் பேர், கட்டிட இன்ஜினியர் நான் ஒருவன்தான். யாருக்காவது நெஞ்சு வலித்தால் ஆளாளுக்கு ஓடுவார்கள், என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. அன்று கூப்பிட்டார்கள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உன்னிடம் மறைக்கவா போகிறேன்? டார்ச், ஏணி, நோட்டுப் புத்தகம் எல்லாம் எடுத்துக்கொண்டு இரண்டு சனிக்கிழமை முழுக்க அங்கே கிடந்தேன். சுவர்களைத் தட்டிப் பார்த்தேன். கூரை உத்தரங்களுக்குள் தவழ்ந்தேன். சுவரையும் கூரையையும் சேர்த்துக் கட்டும் இரும்பு போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். கமிட்டி கூட்டத்தில் எழுந்து நின்று, "இந்தக் கட்டிடம் நிற்கும்" என்றேன். கை தட்டினார்கள்.

இப்போது என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், கொட்டாவி விடாதே. ஒரு கட்டிடத்தை நாங்கள் மனசுக்குள் இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். பாரம் தாங்குகிறவை ஒரு பக்கம்: சுவர், தூண், உத்தரம், அஸ்திவாரம். பாரம் தாங்காதவை, நாங்கள் 'நான்-ஸ்ட்ரக்சுரல்' என்போம், மறு பக்கம்: புகைபோக்கி, முகப்பில் ஒட்டிய பூ வேலை, உள்ளே தொங்கும் சுண்ணாம்புக் கூரை, விளக்குகள், கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் கைப்பிடிச் சுவர். இவற்றைப் பெயர்த்து எடுத்துவிட்டாலும் கட்டிடம் நிற்கும். அதனாலேயே இன்ஜினியருக்கு இவற்றின்மேல் ஓர் அலட்சியம் உண்டு. பூமி ஆடினால் பழைய செங்கல் கட்டிடங்களில் முதலில் விழுவது இவைதான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் காலத்துக் காரையில் சிமென்ட் கிடையாது, சுண்ணாம்பும் மணலும்தான். வெயிலிலும் மழையிலும் கிடந்து பிடிப்பு விட்டிருக்கும். கட்டிடத்தின் உச்சியில்தான் ஆட்டமும் அதிகம். அங்கே கைப்பிடிச் சுவர், ஓடும் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறவன் மாதிரி, முன்னாலும் பின்னாலும் பிடிமானம் இல்லாமல் நிற்கிறது. விழுந்தால் பெரும்பாலும் வெளிப்பக்கமாக, நடைபாதையில் விழும்.

அந்த ஹாலின் முகப்பில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கைப்பிடிச் சுவர் இருந்தது. மேலே ஏறி அதையும் பார்த்தேன். கார்ச் சாவியைச் செங்கல் இடுக்கில் விட்டுக் கீறினேன். காரை ரவை மாதிரி உதிர்ந்து ஷூவில் கொட்டியது. பின்னாலிருந்து இரும்புச் சட்டம் கொடுத்துக் கூரையோடு இழுத்துக் கட்ட வேண்டும், இல்லையென்றால் இடித்து உயரத்தைக் குறைக்க வேண்டும். பெரிய வேலைகூட இல்லை. நோட்டில் எழுதினேன். அந்தப் பக்கத்தை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன், என் கையெழுத்து உனக்குத் தெரியும்: 'கைப்பிடிச் சுவர், காரை உதிர்கிறது. நான்-ஸ்ட்ரக்சுரல். அப்புறம் பார்க்கலாம்.' கமிட்டியில் அதைச் சொல்லவில்லை. சொன்னால் ஹாலே வேண்டாம் என்று விட்டுவிடுவார்களோ என்ற பயம். இன்னொன்றும் இருந்தது. கைப்பிடிச் சுவர் என்றால் எனக்கு, மாடியில் விளையாடும் பிள்ளைகள் விழாமல் காக்கும் சுவர். திருச்சியில் பொதுப்பணித் துறையில் இருந்தபோது எத்தனை கட்டிடங்களுக்கு அதைக் கட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்! அது மேலிருந்து தலையில் விழும் சாமான் என்று புத்திக்குத் தெரிந்தது, மனசு அதற்குப் பயப்படவில்லை. தெருவில் போகிறவன் இரண்டு விநாடியில் அதைக் கடந்துவிடுவான், அந்த இரண்டு விநாடியிலா பூமி ஆடப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இந்தக் கணக்கு வெள்ளைக்காரர்களுக்குச் சரி. அவர்கள் காரிலிருந்து இறங்கி நேரே கதவைத் திறந்து உள்ளே போவார்கள். நாம் அப்படியா? மேடையில் பிள்ளையார் படம் வைத்துப் பூஜை செய்யும் ஹாலுக்குள் செருப்போடு வரக்கூடாது என்று பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். வெளியே செருப்பு வைக்க இடம் வேண்டும். மரச் சட்டங்கள் வாங்கி வந்து, அளந்து, அறுத்து, செருப்பு ஸ்டாண்டு செய்தவன் நான். பக்கத்தில், குனிய முடியாதவர்கள் உட்கார்ந்து ஷூ மாட்ட ஒரு பெஞ்சும் செய்தேன். வெயில் படாத இடமாகப் பார்த்து, வாசலுக்கு வலது பக்கம், முகப்புச் சுவரை ஒட்டிப் போட்டேன். ரொம்ப வசதியாக இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள். நம் ஆட்கள் விடைபெறும் அழகு உனக்குத் தெரியாதா? உள்ளே "வர்றோம்" என்று சொல்லி, வாசலில் ஒரு முறை சொல்லி, ஒரு கால் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த வாரச் சமையலைப் பேசி, மறு கால் செருப்பு கிடைக்காமல் தேடி, அங்கேயே முக்கால் மணி நேரம். குழந்தைகள் அந்தப் பெஞ்சில்தான் ஏறிக் குதிக்கும். உதிர்கிற சுவருக்கு நேர் கீழே, ஊர்க்கூட்டம் முழுக்க நிற்கும்படி ஏற்பாடு செய்துவிட்டேன். டேப் வைத்து அளந்து செய்தேன், பாஸ்கரா. மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்தப் பொங்கல் விழாச் சனிக்கிழமை சாயங்காலம், மேடையில் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பசி, எரிச்சல், கூட்டத்துக்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும் என்ற அவசரம். நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய், எட்டாம் வகுப்பு. உன் காதில், "டேய், போய் நம்ம செருப்பையெல்லாம் எடுத்து வை, கெளம்பலாம்" என்றேன். நீ போனாய். உனக்கு இது ஞாபகம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இருக்கிறது, உன் சட்டையின் நிறம் உட்பட. ஒரு நிமிஷம் கழித்து அம்மா, "பாச்சு எங்கங்க?" என்று கேட்டாள். வெளியே இருக்கிறான் என்றேன். அவனுக்குக் கொஞ்சம் பொங்கல் வாங்கி வருகிறேன் என்று சமையலறைப் பக்கம் போய், ஒரு டப்பாவோடு வாசலுக்குப் போனாள். அப்போதுதான் ஆடியது. ஹால் முழுக்க உத்தரங்கள் முனகின, விளக்குகள் ஊஞ்சலாடின, எல்லோரும் நாற்காலிக்கு அடியில் குனிந்தார்கள். நானும் குனிந்தேன். குனிந்துகொண்டே சுவர்களைப் பார்த்தேன். ஒரு விரிசல் இல்லை. சரியாகச் சொல்லியிருக்கிறோம், கட்டிடம் நிற்கிறது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். கேட்கிறாயா, சந்தோஷப்பட்டேன். அதே நேரத்தில் வெளியே லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டது.

அம்மா நிலைப்படிக்குள்தான் நின்றிருந்தாள். அங்கேயே நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நீ பெஞ்சில் உட்கார்ந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வெளியே பாய்ந்து உன்மேல் கவிழ்ந்துகொண்டாள். நான் வந்து பார்த்தபோது பொங்கல் டப்பா திறந்து செங்கற்களுக்கு நடுவில் கிடந்தது. அவளுடைய வலது தோளிலும் கையிலும் செங்கல்; அந்தக் கை அதற்கப்புறம் தூக்க வரவேயில்லை. உனக்கு முழங்காலில் ஒரு சிராய்ப்பு மட்டும். பத்து நிமிஷம் கழித்து ஆடியிருந்தால் அந்தச் சுவருக்குக் கீழே முப்பது பேர் நின்றிருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் நடந்ததுதான் இந்தக் கடிதத்தின் காரணம். ஆபரேஷன் அறைக்கு வெளியே நீ சுவரோரமாக நின்றிருந்தாய், காலில் ஒரு ஷூ மட்டும். ராமநாதன் அங்கிள் என் தோளில் கை வைத்து, "பூகம்பத்துக்கு யாரு என்ன சார் பண்ண முடியும்?" என்றார். அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். தலையாட்டினேன். ஆனால் உள்ளே ஒரு பூச்சி குடைந்துகொண்டே இருந்தது, அது யார் மேலாவது பாய வேண்டியிருந்தது. திரும்பி உன்னைப் பார்த்து, "ஒன்னை யாருடா வெளிய போகச் சொன்னா? பூகம்பம் வந்தா வெளிய ஓடாதேன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்?" என்று கத்தினேன். நீ ஓடவே இல்லை. பூமி ஆடுவதற்கு முன்பே அங்கே உட்கார்ந்திருந்தாய், நான் அனுப்பித்தான் போயிருந்தாய். "நீங்கதானேப்பா சொன்னீங்க" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே உடைந்திருப்பேன். நீ "ஸாரி, அப்பா" என்றாய். நான் அதை வாங்கி வைத்துக்கொண்டேன். இத்தனை வருஷமாக வைத்துக்கொண்டே இருக்கிறேன்.

அதற்கப்புறம் எனக்குப் பிடித்த பைத்தியம் உனக்குத் தெரியும். சனிக்கிழமையானால் ஏணியும் சுத்தியலுமாக யார் வீட்டுப் புகைபோக்கியையாவது தட்டப் போவது, கோயிலுக்குப் பார்த்த கட்டிடத்தின் உச்சியில் ஏறி நிற்பது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் நீ. பெர்க்லியில் ராமநாதன் வீட்டுக்குப் போய், அவர்களுடைய கட்டில் புகைபோக்கிக்கு நேர் கீழே இருக்கிறது என்று நானே இழுத்து ஜன்னல் பக்கம் போட்டது ஞாபகமா? ஜன்னல் பக்கம் போட்டால் கண்ணாடி விழுமே என்று நீதான் மெதுவாகச் சொன்னாய். திரும்ப இழுத்து மூன்றாவது சுவரோரம் போட்டோம். "பத்தொம்பது வருஷமா ஒரு பக்கம் தலை வச்சுப் படுத்தவ நான், இவரு வந்து திசையை மாத்துறாரே" என்று அந்த ஆன்டி முணுமுணுத்துக்கொண்டே காப்பி கொடுத்தாள், சர்க்கரை போடாமல். நீ வழியெல்லாம் சிரித்தாய். எத்தனையோ பேரின் தலைக்கு மேலே இருப்பதையெல்லாம் இறுக்கிக் கட்டிவிட்டேன். "உங்க அப்பா ரொம்ப கேர்ஃபுல்" என்று உன்னிடம் எல்லோரும் சொல்வார்கள். நீ பெருமையாகக் கேட்டுக்கொண்டு நிற்பாய். நான் ஏணியில் இன்னும் ஒரு படி ஏறிவிடுவேன். அம்மாவின் கை என்னால்தான் போனது என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல உயரம் ஏற வேண்டிய அவசியம்கூட இல்லை.

நீ செய்ததையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். டென்னிஸ் டீமை விட்டாய், பிராக்டிஸ் நேரத்தில் அம்மாவுக்கு எக்ஸர்சைஸ் செய்துவிட வேண்டும் என்று. வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தும், ரயிலில் போய்வரக் கூடிய கல்லூரியிலேயே சேர்ந்து, அதுதான் பிடிக்கிறது என்று சாதித்தாய். காலையில் நான் அம்மாவுக்குத் தலை பின்னுவேன், நீ தேங்காய் உடைப்பாய், ஊறுகாய் பாட்டில் மூடி திறந்து வைப்பாய், காய் நறுக்கி டப்பாவில் போட்டுவிட்டுத்தான் கிளம்புவாய். உன்னைப் பற்றிப் பேசினால் என் குரலே மாறிவிடுகிறது என்று ஆபீஸில் கேலி செய்கிறார்கள். எவ்வளவு பாசமான பையன் என்று ஊரே சொல்கிறது. நீ பாசமான பையன்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கைக்குழந்தையாக இருந்தபோதே உன் பிஸ்கட்டை எச்சிலோடு என் வாயில் திணித்தவன். ஆனால் பாசத்தோடு வேறொன்றும் கலந்திருக்கிறது என்று நான் தெரிந்துகொள்ள விரும்பவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. நீ வீட்டிலேயே இருந்தாய், அம்மாவுக்கு உதவியாக இருந்தது, எனக்கும் உன் முகம் தினமும் பார்க்கக் கிடைத்தது. டிரைவ்வேயில் அந்த வார்த்தை காதில் விழும் வரை இப்படியே போகட்டும் என்றுதான் இருந்தேன்.

நேற்றுக் காலை நீ கிளம்பிப் போன பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டுப் பக்கத்தையும் காட்டினேன். சீப்போடு என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள், பாதி பின்னியிருந்தேன். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. அப்புறம், "சுவரு ஒங்களுக்குத் தெரியும்?" என்றாள். தெரியும் என்றேன். "புள்ளைய அனுப்புனதும் நீங்க?" ஆமாம் என்றேன். பாதிப் பின்னலை என் கையிலிருந்து இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "எங் கைய விடுங்க. அன்னிக்கு நீங்க சுவத்துக்குக் கட்டுப் போட்டிருந்தாலும், அவன் கீழ ஒக்காந்திருந்தா நான் பாயத்தான் செஞ்சிருப்பேன். அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. ஆனா எம் புள்ள இத்தன வருஷமா என் மூஞ்சியப் பாக்கறப்பல்லாம் கையத்தான் மொதல்ல பாப்பான். நான் அத என்னமோ அவனுக்கு எம்மேல எரக்கம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். எங்கிட்டயாவது சொல்லிருக்கலாமில்ல? நான் அவன்கிட்ட ஒரே நாள்ல சொல்லிச் சரி பண்ணிருப்பேனே!" என்று அழுதாள். கை போன அன்றைக்குக்கூட இப்படி அழவில்லை. இடது கையாலேயே தலையை அள்ளி முடிந்துகொண்டு, இன்று காலையும் என்னைச் சீப்பைத் தொட விடவில்லை. எத்தனை நாள் விடமாட்டாள் என்று தெரியாது. அவள் சொன்னது ஒன்றுதான்: "அவன்கிட்ட நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். வாய் வரலேன்னா எழுதுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அவன் அந்தக் கம்பெனிக்குப் பதில் சொல்லணும்." இன்றைக்குச் செவ்வாய்.

ஆகவே, கண்ணா, பதிலை நீ முடிவு செய். நான் போ என்று சொன்னால் அதுவும் இன்னொரு முறை உன்னை வெளியே அனுப்புவதாகிவிடும், அந்த உரிமை எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது. வேலை பிடிக்கவில்லை, பனி பிடிக்கவில்லை, டேவிடை விட்டுப் போக மனசில்லை என்றால் தாராளமாக இரு. உன் அறை உன்னுடையது. ஆனால் அம்மாவின் கையைக் காரணமாக வைத்து ஒரு நாள்கூட இருக்காதே. அந்தக் காரணம் உனக்குச் சொந்தமானதே அல்ல. ஊறுகாய் பாட்டிலை நான் திறப்பேன். காயும் நறுக்குவேன், உன்னளவு மெல்லிசாக வராது, அவள் திட்டுவாள், கேட்டுக்கொள்கிறேன். போவதென்றால் பிளெய்ன்ஸ்பரோவில் வீடு பார்க்கும்போது வீட்டுக்காரன் காட்டும் அடுப்பையும் அலமாரியையும் மட்டும் பார்த்துவிட்டு வராதே, தெருவுக்கு வந்து ஒரு முறை அண்ணாந்து பார். அங்கே பூமி ஆடாது என்று எல்லோரும் சொல்வார்கள். சரி, ஆடாமலே இருக்கட்டும், பார்ப்பதற்கு என்ன? இன்னொன்று. உனக்கு என்று ஒரு குடும்பம் வரும். அதில் ஏதாவது ஒரு சின்ன விஷயம் மனசில் உறுத்தி, இதனால் வீடா விழுந்துவிடப் போகிறது, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றினால், அன்றைக்கே சொல்லிவிடு. சாப்பாடு ஆறினாலும் பரவாயில்லை. நான் அப்படிச் செய்யாததால் என்ன ஆயிற்று என்று நீ எல்லோரையும்விட நன்றாக அறிவாய்.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று இங்கே எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். "இட்ஸ் ஓகே, அப்பா" என்று உடனே சொல்லிவிடுவாய், உன் பழக்கம் அது. இந்த முறை சொல்லாதே. இது ஓகே இல்லை. பதின்மூன்று வயசிலிருந்து நீ என்மேல் படவேண்டிய கோபத்தையெல்லாம் உன்மேலேயே பட்டுக்கொண்டாய். இப்போதாவது அதை என் பக்கம் திருப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கத்து, கேட்கிறேன். கத்த வரவில்லையென்றால் பேசாமல் இரு. நியூ ஜெர்சிக்குப் போய் அங்கிருந்து மாதக்கணக்கில் கோபமாக இரு. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் பண்ணும்போது முதலில் எடுப்பது நானாகத்தான் இருப்பேன், அதை யாராலும் தடுக்க முடியாது. கோபம் தீர்ந்த பிறகு என்னோடு பேசலாம் என்று தள்ளிப் போடாதே, பாஸ்கரா. கோபத்தோடேயே பேசு.

உன் அப்பா